பத்துக்குப் பத்து அறையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர்

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு முன்னறை சரியாகப் பத்துக்குப் பத்து. உயரமும் பத்தடி. வீடு கட்டும்போது மேஸ்திரிக்கு அதில் தனிப் பெருமை. "எந்தப் பக்கம் டேப் புடிச்சாலும் ஒரே அளவு சார்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டுக் கேட்கிற அறைக்கு இதைவிடப் பெரிய சாபம் கிடையாது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போன தை மாதம் தெரிந்தது. ஆறு வருடம் சேர்த்த பணத்தில் சென்னையில் ஒரு கடையில் புது ஸ்பீக்கர் ஜோடி வாங்கினேன். கடையில் கேட்டபோது பாடுகிறவர் எழுந்து வந்து எதிரே நின்ற மாதிரி இருந்தது. வீட்டில் மாட்டிக் கொடுக்க வந்த பையன், டி.வி. ஷோகேஸில் தச்சர் விட்டிருந்த இரண்டு பொந்துகளைப் பார்த்தான். பொந்துக்கொன்றாகச் செருகினான், ஒரு பாட்டைப் போட்டான், கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டான். அன்று ராத்திரி நான் கேட்டது பாட்டில்லை. அண்டாவுக்குள் உட்கார்ந்து யாரோ தவில் பழகுகிற சத்தம். அம்மா அடுப்படியிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்: "கல்யாண மண்டபத்துக்கு வெளிய நின்னு கேக்கறாப்ல இருக்குடா."

இந்த இடத்தில் எல்லாரும் செய்கிற தப்பை நானும் செய்யப் பார்த்தேன். வயரை மாற்றலாமா, ஆம்ப்ளிஃபயர் போதவில்லையா, ஸ்பீக்கரையே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் சிதம்பரத்தில் இருக்கும் ஒரு பெரியவருக்கு போன் போட்டேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை படித்து, பள்ளியில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, ஒண்ணும் வாங்காதீங்க. பெட்டியத் தூக்கிட்டு இங்க வாங்க" என்றார்.

பெட்ஷீட்டில் சுற்றி, வாடகைக் கார் வைத்து, நாற்பது கிலோமீட்டர் கொண்டுபோனேன். வழியெல்லாம் பின்சீட்டில் பச்சைக் குழந்தையைப் படுக்க வைத்த கவனம்.

முற்றத்து வீடு

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அவருடையது பழைய வீடு. திண்ணை, ரேழி, நடுவில் முற்றம். முற்றத்தை ஒட்டி நீளமான கூடம், ஏறத்தாழ இருபத்திரண்டு அடிக்குப் பதினொன்று. மேலே மரச் சட்டம் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். ஒரு பக்கம் சுவரே கிடையாது. தூண்கள், அதற்கப்பால் வானம்.

இரண்டு முக்காலிமேல் ஸ்பீக்கரை வைத்தார். ஸ்டீரியோ பாட்டு எதையும் போடவில்லை. 'பராசக்தி' (1952) படத்தில் சி.எஸ்.ஜெயராமன் பாடியதைப் போட்டார். சிதம்பரம் ஜெயராமன், அவருக்கு ஊர்ப் பாசம். ஆனால் காரணம் பாசம் மட்டுமில்லை. அந்தக் காலப் பதிவு மோனோ; இரண்டு ஸ்பீக்கரிலும் வருவது ஒரே ஒலி. இரண்டும் சரியாக நின்றால் குரல் நட்டநடுவில், காற்றில், ஓர் ஆள் அகலத்துக்குள் நிற்க வேண்டும். அகன்று பரவினாலோ ஒரு பக்கம் சாய்ந்தாலோ எங்கோ கோளாறு. சிவப்பு, கறுப்பு வயரை ஒரு பெட்டியில் மாற்றிக் கொடுத்திருந்தால் குரல் தலைக்குள் சுற்றுகிற மாதிரி இருக்கும், அடிநாதம் காணாமல் போகும். ஐயாயிரம் ரூபாய் மைக்கும் லேப்டாப்பும் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய பாட்டு போதும்.

அங்கே ஜெயராமன் நடுவில் வந்து நின்றார். அண்டா இல்லை. அதே பெட்டி, அதே ஆம்ப்ளிஃபயர், அதே வயர். ஆனால் ஒன்று குறைந்தது: மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எடை இல்லை, அட்டையில் தட்டுகிற மாதிரி இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து முக்காலிகளைப் பின்சுவரைப் பார்க்கத் தள்ளினார், ஒரு சாண் இடைவெளி வரும்வரை. தொப்பிக்கு உடம்பு வந்துவிட்டது.

எனக்குக் குழப்பம். எங்கள் வீட்டில் சுவருக்குள் செருகியதால் கெட்டது, இங்கே சுவரிடம் போனதால் நன்றானதா? "உங்க ரூம்ல சத்தத்துக்குப் போக்கிடம் இல்ல. இங்க முத்தம் வழியா எல்லாம் ஓடிப் போயிடுது. அதான்" என்றார். இதற்குமேல் அவருக்குக் கணக்கு வராது. கணக்கை நான் வீட்டுக்கு வந்து போட்டேன்.

ஐம்பத்தேழு

நம் ஊர் 32 டிகிரி வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 1,150 அடி ஓடும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே எந்தச் சுருதியின் அரை அலை கச்சிதமாக அடங்குகிறதோ அந்தச் சுருதியில் அறை கூடச் சேர்ந்து பாடும். பத்தடிக்கு அது 1,150-ஐ இருபதால் வகுத்தால் வருவது, அதாவது 57 ஹெர்ட்ஸ் சொச்சம். பாஸ் கிதாரும் டிரம்ஸும் தவிலும் புழங்குகிற பேட்டை அது.

எல்லா அறைக்கும் இப்படி ஒரு சுருதி உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறு வேறாக இருந்தால் மூன்று வேறு இடத்தில் சிறிய மேடுகளாக வரும். சிதம்பரத்துக் கூடத்தின் நீளத்துக்கு 26 ஹெர்ட்ஸ்; அகலத்தில் ஒரு பக்கம் முற்றம், எதிர்ச் சுவரே இல்லை. பாட்டில் 26-க்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. எங்கள் மேஸ்திரியின் அறையிலோ மூன்றும் 57-ல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன. அடுத்த அடுக்கு 115-ல், மறுபடியும் மூன்றும் ஒன்றாக. தச்சரின் பொந்து அதற்கு எண்ணெய் வார்த்தது. ஸ்பீக்கரை ஒரு சுவருக்கு ஒட்ட வைத்தால் அடி ஒலியின் அழுத்தம் 6 டெசிபல் வரை ஏறும். மூலையில் வைத்தால் இரண்டு சுவர், அதோடு தரையும் சேரும். 57 ஹெர்ட்ஸுக்குக் கும்பாபிஷேகமே நடந்துகொண்டிருந்தது எங்கள் வீட்டில்.

உட்காருகிற இடமும் தப்பு. எல்லார் வீட்டிலும் போல எங்கள் சோபாவும் பின்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த அலைகளின் அழுத்தம் உச்சத்தில் இருப்பது சுவரோரம். சரி, அறையின் நட்டநடுவில் நாற்காலி போடலாம் என்றால் அங்கே அதே அலை ஏறத்தாழ பூஜ்யம், அடிநாதமே இருக்காது. இரண்டுக்கும் நடுவில், பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதம் தள்ளி உட்காரச் சொல்வது ஒலிக்காரர்களின் பழைய தோராயம். பத்தடியில் அது 3.8 அடி. சோபா அங்கே வந்தால் வாசல் கதவு பாதிதான் திறக்கும். சோபாவை மாடிக்கு அனுப்பினேன். ஒற்றை மர நாற்காலி வந்தது. வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை.

வெளிநாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு இதைச் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்க வீட்டுச் சுவர் பெரும்பாலும் மரச் சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. அடிநாதத்தில் அது தானும் கொஞ்சம் அசைந்து, கொஞ்சத்தை விழுங்கிவிடும். தரையில் கம்பளம். நம்முடையது செங்கல், சிமென்ட் பூச்சு, காங்கிரீட் கூரை, தரையில் டைல்ஸ். எதையும் விழுங்காது, வந்ததை அப்படியே திருப்பி எறியும். அவர்கள் சொல்கிற அளவை இங்கே அப்படியே நட்டால் பயிர் வராது.

நூலும் சாக்பீஸும்

நகர்த்துவதற்குக் காசு வேண்டாம், முதுகுதான் வேண்டும். முதலில் நாற்காலி, பிறகு சுவரிலிருந்து தூரம், பிறகு இரண்டுக்கும் இடைவெளி, கடைசியாகத்தான் முகத்தை உள்பக்கம் திருப்புவது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும், நாலு விரற்கடை நகர்த்தினால் போதும். பழைய இடத்தைச் சாக்பீஸில் குறித்துக்கொள்ள வேண்டும். காதுக்கு ஞாபகம் குறைவு. பத்து நிமிடத்துக்கு முன் கேட்டதைவிட இப்போது கேட்பது நன்றாக இருக்கிறது என்று சத்தியம் செய்யும், நம்பக் கூடாது.

சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு கண்ணாமூச்சி உண்டு. பெட்டியின் முகத்திலிருந்து அடி ஒலி பின்னாலும் போய், சுவரில் மோதித் திரும்பி, நேர் ஒலியோடு எதிர்ப்பட்டு ஒரு சுருதியை அழித்துவிடும். முகம் சுவரிலிருந்து இரண்டடி என்றால் அழிவது 144 ஹெர்ட்ஸ் வாக்கில், ஆண்குரலின் நெஞ்சு. பின்னால் தள்ளத் தள்ள அந்தப் பள்ளம் மேலே ஏறி ஆழம் குறையும். அறை பெரிதென்றால் நன்றாக முன்னால் இழுக்கலாம், பள்ளம் கீழே இறங்கிவிடும். சின்ன அறையில் அந்த வசதி இல்லை. நான் நிறுத்தியது ஒன்றேகால் அடியில். அதனால் ஏறிய கனத்தைக் குறைக்க, பெட்டியின் பின்னால் இருக்கும் காற்று ஓட்டையில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டை உருட்டி அடைத்தேன். அழகில்லை, வேலை செய்கிறது.

இரண்டுக்கும் இடையே ஐந்தே முக்கால் அடி. என் தலையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் அதே ஐந்தே முக்கால். சமபக்க முக்கோணம். இதைப் பிடிக்க டேப்பைவிடக் கொத்தனார் நூல் உத்தமம். நாற்காலி முதுகில் ஒரு ஆணி, அதிலிருந்து இரண்டு பெட்டிக்கும் நூல். அரை அங்குலம் குறைந்தாலும் நூல் தொய்ந்து காட்டிக்கொடுக்கும். பக்கச் சுவர் இரண்டடி சொச்சத்தில் வந்தது. பின்சுவர், பக்கச்சுவர், தரை மூன்றுக்கும் தூரம் ஒரே எண்ணாக அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேஸ்திரி செய்த தப்பை நாமும் செய்யக் கூடாதே.

முக்கோணம் என்பது வெறும் சம்பிரதாயமா என்று கேட்டால், ஸ்டீரியோ என்பதே ஒரு கண்கட்டு வித்தைதான். இங்கிலாந்தில் ஆலன் ப்ளம்லைன் 1931 டிசம்பரில் அதற்குக் காப்புரிமை கேட்டார். சினிமாவில் நடிகர் திரையில் ஒரு பக்கம் நடக்க, குரல் வேறு பக்கத்து ஒலிபெருக்கியிலிருந்து வந்தது அவருக்குப் பொறுக்கவில்லை என்று கதை. இரண்டு காதுக்கும் வந்து சேரும் சின்ன வித்தியாசத்தை வைத்து நடுவில் இல்லாத ஆளை நிறுத்துவது அவர் யோசனை. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப் பாடல்கள் என்று பேசப்படுவது இளையராஜாவின் 'ப்ரியா' (1978). அந்த வித்தை பலிக்க இரண்டு ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். ஒரு பெட்டி ஓரடி பக்கத்தில் இருந்தால் ஒரு மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் குறைவாக முந்தும். ஆள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்.

இந்த ஊரில் முதலில் வந்த டேப் டெக்குகளை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒரு பெட்டி ஹாலில் பீரோமேல், இன்னொன்று அடுப்படி வாசலில். பாட்டுக்காரரின் இடது பாதி ஹாலிலும் வலது பாதி ரசத்துக்குப் பக்கத்திலும் இருந்தார். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசில்லை. அதற்கு முந்தைய வால்வு ரேடியோவும் அப்படித்தான்: உயரமான பலகை, பூ வேலை செய்த துணி, கடல் தாண்டி வந்த இலங்கை வானொலி. ரேடியோவின் இடத்தைப் பிளக் பாயின்ட்டும் பிள்ளைகளின் கை எட்டாத உயரமும் முடிவு செய்தன. வீடு முழுக்கக் கேட்டால் போதும். ஒரே நாற்காலியில் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து கேட்பது நம் வீடுகளுக்குப் புதுசு, கொஞ்சம் சுயநலமும்கூட.

மெத்தையும் ஜன்னலும்

அண்டா போனது. ஆனால் கை தட்டினால் அறை இன்னும் 'டிய்ங்' என்றது.

இந்த எதிரொலித் தொல்லை பழசு. 1895-ல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியகத்தின் உரைக்கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சத்தம் அடங்க ஐந்து நொடிக்கு மேலானது. சரிசெய்யச் சொல்லி வாலஸ் செபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் விட்டார்கள். அவர் ராத்திரிகளில் பக்கத்து சாண்டர்ஸ் அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் சத்தம் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார், விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். அதிலிருந்து பிறந்தது இன்றும் எல்லாரும் பயன்படுத்துகிற சூத்திரம். ஒலியை விழுங்கும் சக்திக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல்தான் எனக்குப் பிடித்தது: திறந்த ஜன்னல். போன ஒலி திரும்பாது. சிதம்பரத்து முற்றம் ஒரு மாபெரும் திறந்த ஜன்னல். பெரியவர் சொன்ன போக்கிடம் அதுதான்.

அந்தச் சூத்திரப்படி எங்கள் அறை வெறுமையாக, மூடிக் கிடந்தால் எதிரொலி அடங்க ஏறத்தாழ 2.7 நொடி. மூன்றுக்கு நாலு ஜன்னல் ஒன்றைத் திறந்தாலே 1.6. ஒரு இலவம்பஞ்சு மெத்தையையும் கேட்கிற ஆளையும் சேர்த்தால் ஒரு நொடிக்குப் பக்கம். பாட்டுக் கேட்க அரை நொடிக்குள் இருந்தால் நல்லது. சின்ன அறையில் இந்தச் சூத்திரம் முழுசாகப் பொருந்தாது, போகிற திசையைக் காட்டும். நான் செய்தது: நாற்காலிக்குப் பின்னால் மெத்தையைச் சாய்த்து நிறுத்தினேன், பக்கச் சுவரில் புத்தக அலமாரி, ஜன்னலில் கனத்த திரை. பக்கச் சுவரில் எந்த இடத்தில் வைப்பது என்று பார்க்க ஒரு வழி உண்டு. நாற்காலியில் நாம் உட்கார, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடமே முதல் எதிரொலி கிளம்புகிற இடம். எல்லாவற்றையும் மூடிவிடவும் கூடாது. கனடாவில் ஃபிளாய்ட் டூல் ஆண்டுக்கணக்கில் ஆட்களை உட்கார வைத்துச் சோதித்துப் பார்த்ததில், நல்ல ஸ்பீக்கராக இருந்தால் பக்கச் சுவரின் எதிரொலி கொஞ்சம் இருப்பதைப் பலரும் விரும்பினார்கள்.

முட்டை அட்டை ஒட்டுவதைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. மேல் சுருதியில் கொஞ்சம் உரசும், மற்றபடி பல்லிக்கு வீடு. தெர்மோகோல் அதுகூட இல்லை. கோரைப்பாயும் மெல்லிசு, 57 ஹெர்ட்ஸ் அதை மதிக்காது.

ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் சந்திப்புச் சரக்கு வண்டியும், விடியலில் விசைப்படகு டீசல் என்ஜினும் உள்ளே வரும். கத்திரி வெயிலில் மின்விசிறியை நிறுத்தவும் முடியாது. இரண்டாம் நம்பரில் ஓடவிட்டுக் கேட்கிறேன். பிறகு அறைக்குள்ளேயே இருக்கும் ஒற்றர்கள். போனில் தாழ்ந்த சுருதியிலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே போகிற ஒலியை ஓட்டினால் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லும்: பீரோ கைப்பிடி, ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொக்கி, 70-க்குப் பக்கத்தில் முருகன் படம். படத்தின் பின்னால் ஒரு துண்டு ஃபெல்ட் ஒட்டினேன்.

மணலும் உப்பும்

அம்மா பாயில் உட்கார்ந்துதான் கேட்பார். நாற்காலியில் என் காது தரையிலிருந்து மூன்றரை அடி, அவருடையது இரண்டரைக்குள். ட்வீட்டர் எனக்கு நேராக இருந்தால் அவருக்குத் தலைக்குமேல் பாட்டுப் போகும். மூன்றடியில் நிறுத்தி, பெட்டியின் முன்பக்கத்தை ஒரு நூல் இறக்கினேன். சமரசம்.

ஸ்டாண்டைக் கடையில் வாங்கவில்லை. வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் அடிக்கச் சொன்னேன். "மோட்டாருக்கா சார்?" என்றார் பட்டறைக்காரர். குழாய் அதிராமல் இருக்க உள்ளே மணல் நிரப்ப வேண்டும். வெள்ளிக் கடற்கரை கூப்பிடு தூரம் என்று ஒரு வாளி அள்ளிவந்து விடாதீர்கள். கடல் மணலின் உப்பு ஈரத்தை இழுத்து உள்ளிருந்தே குழாயைத் தின்னும். ஆற்று மணலை வெயிலில் காயவைத்து, சலித்துக் கொட்டினேன்.

உப்பு இந்த ஊர் ஸ்பீக்கருக்கு நிரந்தர எதிரி. வயரின் செம்பு முனை பச்சை பூக்கும்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெட்டிப் புதிதாக உரித்து இறுக்க வேண்டும். வூஃபரின் விளிம்பு ஃபோமில் இருந்தால் பத்துப் பதினைந்து வருடத்தில் அப்பளமாக உதிரும். கடலோரத்தில் இருப்பவர்கள் ரப்பர் விளிம்பு கேட்டு வாங்குவது நல்லது. அப்புறம் இன்வெர்ட்டர். மின்சாரம் போய், சதுர அலை இன்வெர்ட்டர் ஏறியதும் 'உர்ர்' என்று ஒரு தம்புரா பின்னால் சேரும். அது ஸ்பீக்கரின் குற்றமில்லை.

பெட்டி பெரிதாக இருந்தால்தான் சத்தம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பி.பி.சி. 1970-களில் எல்.எஸ்.3/5ஏ என்று ஒரு சின்னஞ்சிறு ஸ்பீக்கரைச் செய்தது. வெளியிடப் பதிவுக்குப் போகிற வேனுக்குள் உட்கார்ந்து கேட்பதற்காக. பெரிய அடிநாதம் அதற்குக் கிடையாது. வேனுக்குள் அது இல்லாததே நல்லது. குரலில் அது காட்டிய நேர்மைக்காக இன்றும் தேடுகிறார்கள். பத்துக்குப் பத்தும் ஒரு வேன்தான், சக்கரம் இல்லை.

சித்திரையில் பெரியவர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். முதலில் ஜெயராமன். பிறகு ஒரு கச்சேரியின் தனி ஆவர்த்தனம். மிருதங்கத்தின் வலந்தலை மற்றத் தோல் கருவிகள் போலில்லாமல் சுருதியோடு பேசுவது எப்படி என்று சி.வி.ராமன் 1920-லேயே 'நேச்சர்' இதழில் எழுதினார். அது எந்த ஸ்பீக்கரிலும் ஓரளவு வந்துவிடும். பெரியவர் கவனித்தது இடப்பக்கத்தை: ஒவ்வொரு தொப்பி அடியும் முடிந்தபிறகு அடுத்தது வருகிறதா, ஒன்றன் வாலை இன்னொன்று மிதிக்கிறதா. கண்ணை மூடிக் கேட்டார். "முடியுது தம்பி" என்றார். நான் ஆசையாக ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தைப் போடப் போனேன், கையைப் பிடித்துத் தடுத்தார். "அது தெருவுக்கும் பிரகாரத்துக்கும் செஞ்ச வாத்தியம். சிவகங்கைக் குளத்துக்கு அந்தாண்ட நின்னு கேக்கணும். இந்த ரூமுக்குள்ள அதை அடைக்காதீங்க."

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். புரட்டாசியில் கொலுப் படி ஸ்பீக்கர் நிற்கிற சுவரில்தான் ஏறியாக வேண்டும்; முப்பது வருட வழக்கம், அதற்கு முக்கோணம் தெரியாது. ஸ்டாண்டு இரண்டும் மாடியில் சோபாவுக்குப் பக்கத்தில் போர்வைக்குள் நிற்கும். சாக்பீஸை மாவிளக்கு நாளில் யாராவது துடைத்துவிடுவார்கள் என்று, ஸ்டாண்டு நின்ற இடத்தில் மொசைக் தரையில் எட்டுச் சின்னப் புள்ளிகள் சிவப்பு பெயின்ட்டில் வைத்திருக்கிறேன். கோலத்துக்குப் புள்ளி தப்பாக இருக்கிறதே என்று அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.